மின்சார காரில் பிரேக் பெடல் இறுகுகிறது, பம்ப் நிற்காமல் ஓடுகிறது: பூஸ்டரை மாற்றத்தான் வேண்டுமா?

மின்பயணி
வணக்கம். என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டாக வாங்கிய மின்சார கார். வாரண்டி முடிந்துவிட்டது. பிரேக்கில் ஒரு தொல்லை, விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதல் மிதி நன்றாக இருக்கிறது. காலை எடுத்துவிட்டு உடனே மறுபடி மிதித்தால் பெடல் கொஞ்சம் இறுக்கம். அடுத்த மிதியில் கல்லாகிவிடுகிறது, இறங்கவே மாட்டேன் என்கிறது. வண்டி நிற்கத்தான் செய்கிறது, ஆனால் நான் நினைத்த இடத்தில் நிற்பதில்லை. சற்று நேரம் மிதிக்காமல் விட்டால் தானாகச் சரியாகிவிடுகிறது.

காலையில் எடுக்கும்போது எந்தக் குறையும் தெரியாது. வெயிலில் நெடுநேரம் ஓட்டி, நெரிசலில் மாட்டிக்கொண்டால்தான் ஆரம்பிக்கிறது. அதோடு பானட்டுக்குள் ஒரு மோட்டார் சத்தம். வாங்கிய புதிதில் இரண்டு மூன்று நொடி ‘உர்ர்’ என்று ஓடி நின்றுவிடும். இப்போது சூடான பிறகு ஓடிக்கொண்டே இருக்கிறது.

டாஷ்போர்டில் விளக்கு எதுவும் எரியவில்லை. சர்வீஸ் சென்டரில், காலின் பலத்தைக் கூட்டும் பூஸ்டரும், பிரேக் ஆயிலை அழுத்திச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரும் சேர்ந்த செட்டையே மாற்றச் சொல்கிறார்கள். ஏன் என்று கேட்டதற்கு, பெடல் டைட் என்றால் பூஸ்டர்தான் என்பதற்கு மேல் விளக்கம் வரவில்லை. பழைய பில்களைப் புரட்டியதில் வேக்குவம் பம்ப் ஒருமுறை மாற்றப்பட்டிருப்பது தெரிகிறது. பிரேக் விஷயம், செலவுக்குத் தயங்கவில்லை. ஆனால் எது போயிருக்கிறது என்று தெரிந்து மாற்ற ஆசை. எங்கிருந்து தொடங்கட்டும்?

நெறியாளர்
சோதனையைப் பற்றிப் பேசும் முன் இது. அடுத்தடுத்து மிதித்தால் இறுகும் பிரேக்குடன் வண்டியைச் சாலையில் எடுக்க வேண்டாம். எல்லாச் சோதனையும் சமதரையில், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்திய வண்டியில் செய்யுங்கள். ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடாதீர்கள், அது உயர் மின்னழுத்தம். வேக்குவம் பம்ப் 12 வோல்ட் பக்கம்தான் இருக்கும். ஆனால் சில வண்டிகளில் அதை எட்ட ஆரஞ்சு கேபிளை ஒட்டிக் கை போக வேண்டியிருக்கும். அப்படியென்றால் உயர் மின்னழுத்தப் பயிற்சி உள்ளவர் பக்கத்தில் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

பழையஸ்பேனர்
தம்பி, நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. பூஸ்டரை மாற்ற அவசரப்படாதீர்கள்.

உங்கள் வண்டி எந்த வகை என்பது முதல் கேள்வி. பெட்ரோல் வண்டியில் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது கிடைக்கும் வேக்குவத்தை, அதாவது காற்றழுத்தக் குறைவை வைத்து பூஸ்டர் காலுக்கு உதவுகிறது. மின்சார காரில் எஞ்சினே இல்லை. அதனால் சில தயாரிப்பாளர்கள் அதே பழைய பூஸ்டரை வைத்து, தனியாக ஒரு மின்சார பம்பால் வேக்குவம் எடுக்கிறார்கள். மற்றவர்கள் வேக்குவத்தையே விட்டுவிட்டு, மோட்டாரும் கியரும் நேரடியாக மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் மின்சார பூஸ்டர் போடுகிறார்கள். இரண்டுக்கும் பெடல் இறுகும், ஆனால் வைத்தியம் வேறு. பம்ப் சத்தம் கேட்கிறது என்கிறீர்கள், பில்லிலும் பம்ப் இருக்கிறது. எனவே உங்களுடையது முதல் வகை.

முதல் மிதி நன்றாக இருக்கிறது என்றால் பூஸ்டருக்குள் வேக்குவம் இருக்கும்போது அது ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொருள். அடுத்தடுத்த மிதியில் இறுகுகிறது என்றால் செலவான வேக்குவம் வேகமாகத் திரும்பி வரவில்லை. பம்ப் ஓடிக்கொண்டே இருப்பதும் அதையே சொல்கிறது. ஒன்று எங்கோ காற்று கசிகிறது, அல்லது பம்ப் தேய்ந்திருக்கிறது, அல்லது பம்புக்கும் பூஸ்டருக்கும் நடுவே வழி அடைபட்டிருக்கிறது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் பாகம் மாற்றுவது சரியல்ல.

கை அழுக்காகாத சோதனைகளை முதலில் முடியுங்கள். வண்டியை முழுதாக அணைத்துவிட்டு, பெடல் இறுகும்வரை நாலைந்து முறை மிதியுங்கள். இறுகிய பெடலின் மேல் காலை மிதமாக அழுத்தி வைத்தபடியே வண்டியை ஆன் செய்யுங்கள். பம்ப் ஓடத் தொடங்கியதும் பெடல் காலுக்குக் கீழே கொஞ்சம் இறங்க வேண்டும். இறங்கினால் பூஸ்டர் உயிரோடு இருக்கிறது.

அப்புறம் பம்ப் ஓடி நிற்கட்டும். வண்டியை அணைத்துவிட்டு அரை மணி நேரம் தொடாமல் விடுங்கள். திரும்பி வந்து ஆன் செய்யாமலே மிதியுங்கள். முதல் மிதி மெதுவாக, ஆழமாக இறங்க வேண்டும். அடுத்தடுத்து இறுகிக்கொண்டே போக வேண்டும். முதல் மிதியே இறுகினால் வேக்குவம் எங்கோ கசிந்து போய்விட்டது: பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் திரையான டயாஃப்ரம், பூஸ்டரின் வாயிலில் உள்ள ஒருவழி வால்வு, வால்வைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ் ஆகியவற்றில் ஒன்று.

மூன்றாவது, காது. யாரையாவது பெடலை மிதித்து அப்படியே பிடித்திருக்கச் சொல்லிவிட்டு, பெடல் தண்டு உள்ளே போகும் இடத்தில் காது வையுங்கள். மிதிக்கும் நொடியில் ‘ஸ்ஸ்’ என்று வந்து அடங்கினால் அது இயல்பு. பிடித்திருக்கும்போதும் சத்தம் தொடர்ந்தால் பூஸ்டர் உள்ளே கிழிசல்.

இந்த மூன்றையும் வண்டி ஆறியிருக்கும்போது ஒருமுறை, சூடாக இருக்கும்போது ஒருமுறை பாருங்கள். உங்கள் தொல்லை சூட்டில்தானே வருகிறது.

புதுச்சாவி
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் பெடல் இறுக்கம்தான். ஆனால் நிறுத்திய வண்டியில். காலையில் ஏறி உட்கார்ந்து மிதித்தால் இறங்கவே இல்லை, ‘ரெடி’ விளக்கும் வரவில்லை. இதுவும் அதே நோயா?

பழையஸ்பேனர்
இல்லை. வண்டி அணைந்திருக்கும்போது யாராவது பெடலை நாலைந்து தரம் மிதித்திருந்தால் சேமிப்பு வேக்குவம் தீர்ந்துவிடும். இரவு முழுக்க நின்றதில் மெதுவாகக் கசிந்தும் போயிருக்கலாம். அந்த நிலையில் பெடல் இறுகுவது இயல்பு. ரெடி வராததற்குக் காரணம், பெடல் போதுமான அளவு இறங்காததால் பிரேக் மிதித்திருப்பதை வண்டி உணரவில்லை. வழக்கத்தைவிட பலமாக மிதித்தபடி பட்டனை அழுத்துங்கள். ரெடி வந்து, பம்ப் ஓடி நின்ற பிறகு பெடல் பழையபடி இருந்தால் கவலை வேண்டாம். ஒவ்வொரு காலையும் இப்படி ஆனால் மட்டும் ஒருவழி வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை
அந்த உதவி எவ்வளவு பெரியது என்பதை எண்ணில் பார்த்தால் மின்பயணியின் கால் ஏன் தோற்கிறது என்று புரியும்.

23 செ.மீ. விட்டமுள்ள ஒரு பூஸ்டரை எடுத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் தட்டின் பரப்பு சுமார் 415 சதுர செ.மீ. பெடலை மிதிக்கும்போது ஒரு பக்கம் வெளிக்காற்று நுழைகிறது, மறுபக்கம் வேக்குவம் அப்படியே இருக்கிறது. வெளிக்காற்றைவிட உள்ளே அழுத்தம் 70 கிலோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) குறைவு என்றால், தட்டை அழுத்தும் விசை சுமார் 296 கிலோ எடைக்குச் சமம். அதே வேக்குவம் 20 கிலோபாஸ்கலுக்கு இறங்கிவிட்டால் கிடைப்பது 85 கிலோ மட்டும். மிச்சத்தைக் கால்தான் கொடுக்க வேண்டும்.

ஐ.நா.வின் கார் பிரேக் விதியான ஆர்13-எச் இதை அளந்தே வைத்திருக்கிறது. எல்லாம் சரியாக இருக்கும் கார், 100 கி.மீ. வேகத்திலிருந்து 70 மீட்டருக்குள் நிற்க வேண்டும். பூஸ்டரின் உதவி அற்றுப்போனாலும் நின்றாக வேண்டும்; ஆனால் அப்போது அனுமதிக்கப்படும் தூரம் 168 மீட்டர். அதுவும் பெடலில் 500 நியூட்டன்வரை, அதாவது ஏறக்குறைய 50 கிலோ எடையளவு, காலால் கொடுத்தபிறகு. ‘வண்டி நிற்கத்தான் செய்கிறது’ என்று மின்பயணி எழுதியதைப் படித்தபோது எனக்கு இந்த இரண்டு தூரங்களும்தான் நினைவுக்கு வந்தன. நின்றாலும் அது எங்கே போய் நிற்கிறது என்பது முக்கியம். சரியாகும்வரை தயவுசெய்து ஓட்டாதீர்கள்.

மலைப்பாதை
சார், நான் அடிக்கடி மலையில் ஓட்டுபவன். மேலே போகப் போக என் வண்டியிலும் பம்ப் சத்தம் அதிகமாகிறது, பெடலும் சற்றுக் கனக்கிறது. கீழே இறங்கினால் சரியாகிவிடுகிறது. இதுவும் கசிவா?

கணக்குப்பிள்ளை
கீழே வந்ததும் சரியாகிறது என்றால் கசிவாக இருக்க வாய்ப்பு குறைவு. பூஸ்டரைத் தள்ளுவது வெளிக்காற்றின் அழுத்தம்தான். கடல்மட்டத்தில் அது 101 கிலோபாஸ்கல், 3000 மீட்டர் உயரத்தில் சுமார் 70. வெளியே இருப்பதே அவ்வளவுதான் என்னும்போது, எவ்வளவு நல்ல பம்பாக இருந்தாலும் அதற்கு மேல் வித்தியாசம் உண்டாக்க முடியாது. பம்ப் எந்த அளவில் நிற்க வேண்டும் என்ற எல்லையை உயரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் வண்டிகள் உண்டு. அப்படி மாற்றாத வண்டியில், எட்ட முடியாத எல்லைக்காக பம்ப் கூடுதல் நேரம் ஓடும்.

இன்னொன்று. உச்சியில் முழுதாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். பேட்டரி நிரம்பியிருந்தால் ரீஜென் பிரேக் (மோட்டாரே வண்டியின் வேகத்தைக் குறைத்து மின்சாரம் எடுப்பது) கொடுக்கும் மின்சாரத்தை வாங்க இடமிருக்காது. இறக்கம் முழுக்க டிஸ்க்கும் பேடும்தான் பிடிக்க வேண்டியிருக்கும், அதுவும் பூஸ்டர் பலம் குறைந்த உயரத்தில்.

நகரச்சக்கரம்
ரீஜென் பேச்சு வந்ததால் கேட்கிறேன். நான் ஒற்றைப் பெடலில்தான் ஓட்டுகிறேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டி நின்றுவிடுகிறது, பிரேக்கைத் தொடும் வேலையே அரிது. அப்படியிருக்க பூஸ்டர் கொஞ்சம் பலவீனமாக இருந்தால் என்ன?

பழையஸ்பேனர்
அப்படி ஓட்டுபவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. பிரேக்கைத் தொடாததால் பூஸ்டர் பலவீனமானது தெரியாமலே மாதங்கள் ஓடிவிடும். ஒரு குழந்தை குறுக்கே ஓடும்போது முழு பலத்தோடு மிதிப்பீர்கள், அப்போதுதான் தெரியும். ரீஜென் தரும் வேகக்குறைப்பு அந்த நேரத்துக்குப் போதாது. ஈரச் சாலையில் சக்கரம் வழுக்கி ஏபிஎஸ் வேலை செய்யத் தொடங்கினால் ரீஜென் விலகிக்கொள்ளும், முழுப் பொறுப்பும் ஹைட்ராலிக் பிரேக்குக்கு வந்துவிடும்.

பயன்படாத பிரேக்குக்கு வேறு நோயும் வரும். டிஸ்க்கில் துரு பிடிக்கும். பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பர் நகரும் பின்கள் காய்ந்து இறுகும். அப்போது பெடல் கனமாக இல்லாமலே பிடிப்பு குறையும். ஆகவே காலியான, நேரான சாலையில், பின்னால் வண்டி இல்லாதபோது ரீஜெனைக் குறைந்த அளவில் வைத்து, பிரேக்கை நன்றாக மிதித்து நிறுத்துங்கள். இதை அடிக்கடி செய்யுங்கள். டிஸ்க்கும் சுத்தமாகும், பெடலின் கனம் மாறினால் காலும் உடனே சொல்லிவிடும்.

மின்பயணி
சோதனைகளை முடித்தேன்.

ஆறிய நிலையில் மூன்றுமே பாஸ். ஆன் செய்ததும் பெடல் காலடியில் தெளிவாக இறங்கியது. அரை மணி கழித்தும் முதல் மிதி மெத்தென்று இருந்தது. பெடலைப் பிடித்திருக்கும்போது சத்தமே இல்லை.

சூடான நிலை விசித்திரமாக இருக்கிறது. வெயிலில் நிறுத்தி, ஆன் செய்து, பெடலை மிதித்து மிதித்து பம்பை நன்றாக ஓடவிட்டேன். பிறகு பெடல் இறுகத் தொடங்கியது, பம்ப் நிற்காமல் ஓடியது. பொறுமையாக விட்டபோது நெடுநேரம் கழித்து ஒருவழியாக நின்றது. உடனே அணைத்துவிட்டு அரை மணி காத்திருந்து மிதித்தால் முதல் மிதி நன்றாகவே இறங்குகிறது! பிடித்து வைப்பதில் குறையில்லை. நிரப்புவதில்தான் தாமதம்.

காரோட்டி
எனக்கும் இதே மாதிரி இருந்தது. பம்பை மாற்றினேன், சரியாகிவிட்டது. தேய்ந்த பம்ப் சூட்டில் தளரும். ஒரு முறை மாற்றிய பம்ப் என்றால் தரம் எப்படியோ. யோசிக்காமல் புதுசு போடுங்கள்.

பழையஸ்பேனர்
காரோட்டி சொல்வது நடக்கக்கூடியதுதான். தேய்ந்த பம்ப் சூட்டில் மெதுவாகும். ஆனால் இந்த வண்டியில் ஏற்கனவே ஒரு பம்ப் மாறியிருக்கிறது. முதல் பம்ப் ஏன் போனது என்று யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. இந்த பம்புகள் சில நொடி ஓடி, நின்று, ஆறுவதற்காகச் செய்யப்பட்டவை. ஓயாமல் ஓடினால் சூடேறித் தேயும். கசிவோ அடைப்போ இருக்கும் வண்டியில் புது பம்ப் போட்டால் சில மாதம் பிரமாதமாக ஓடும், அப்புறம் அதுவும் போகும்.

மின்பயணி, அரை மணி கழித்தும் வேக்குவம் நிற்கிறது என்பதால் பூஸ்டர், ஒருவழி வால்வு, அதன் புஷ் மூன்றையும் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். சர்வீஸ் சென்டர் மாற்றச் சொன்ன பாகமே நன்றாக இருக்கிறது, பாருங்கள். மிச்சம் பம்ப், அதற்கு வரும் மின்சாரம், நடுவில் உள்ள ஹோஸ்.

மின்சாரத்தை முதலில் பாருங்கள், எளிது. பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்து அளங்கள். அதே நேரத்தில் 12 வோல்ட் பேட்டரி முனையிலும் அளங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரிலே, ஃபியூஸ் பிடிப்பு, எர்த் போல்ட் இவற்றில் ஒன்று பழுது. எர்த் போல்ட்டைக் கழற்றிச் சுரண்டி மாட்டியதிலேயே சரியான வண்டிகள் உண்டு.

அது சரியாக இருந்தால், பம்புக்குப் பக்கத்தில் ஹோஸில் ஒரு டீ ஜாயின்ட் போட்டு வேக்குவம் கேஜ் மாட்டுங்கள். வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் பூஸ்டர் வேக்குவம் சென்சாரின் அளவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். கேஜ் பம்ப் பக்கத்தைக் காட்டும், ஸ்கேனர் பூஸ்டர் பக்கத்தைக் காட்டும். பம்ப் ஓடும்போது இரண்டையும் ஒரே நேரத்தில் பாருங்கள். இரண்டும் சேர்ந்தே மெதுவாக ஏறினால் பம்ப் பலவீனம் அல்லது கசிவு. கேஜ் சட்டென்று உச்சிக்குப் போய், ஸ்கேனர் பின்தங்கினால் நடுவில் அடைப்பு.

வெண்முகில்
என் வண்டி மின்சார பூஸ்டர் வகை, வேக்குவமே கிடையாது. ஒரு குளிர்காலையில் சிவப்பு பிரேக் விளக்கு எரிந்து பெடல் கனமாகிவிட்டது. அணைத்து ஆன் செய்தால் போய்விடும், சில நாளில் திரும்ப வரும். இதே சோதனைகள் எனக்குப் பொருந்துமா?

பழையஸ்பேனர்
அம்மா, உங்களுக்குப் பாதை வேறு. பாஷ் நிறுவனம் 2013-ல் கொண்டுவந்த ஐபூஸ்டர் இந்த வகையில் பரவலாகத் தெரிந்தது. பெடல் எவ்வளவு இறங்கியது என்று ஒரு சென்சார் சொல்லும், மோட்டார் கியர் வழியாக அதற்கேற்ற பலத்தைச் சேர்க்கும். மோட்டார் கைவிட்டாலும் பெடல் தண்டு நேராக மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும். அதனால்தான் பிரேக் இருக்கிறது, ஆனால் கனக்கிறது.

இங்கே முதலில் பார்க்க வேண்டியது 12 வோல்ட் பேட்டரி. மின்சார காரில் பெரிய பேட்டரி நிறைந்திருக்கும்போதே சின்ன பேட்டரி செத்திருக்கலாம். குளிரில் அதன் பலவீனம் முதலில் வெளிப்படும். பூஸ்டரின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மின்னழுத்தம் குறைந்தால் அது உதவியைக் குறைத்து விளக்கைப் போடும். பேட்டரியை லோடு கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். பிறகு, விளக்கு எரியும்போதே ஸ்கேனர் மாட்டி, வண்டி பதிந்து வைத்திருக்கும் பிழைக் குறியீட்டை (கோடு) எடுங்கள். அழித்துவிட்டு மாட்டினால் பயனில்லை.

உங்கள் வண்டி எண்ணைக் கொடுத்து, குறையுள்ள வண்டிகளைச் சரிசெய்யத் தயாரிப்பாளர் விடுக்கும் திரும்ப அழைப்பு (ரீகால்) நிலுவையில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். நிசான் லீஃப் காரில் 2013 முதல் 2015 வரையிலான மாடல்களுக்கு அமெரிக்காவில் 2016-ல் அப்படி ஓர் அழைப்பு வந்தது. கடுங்குளிரில் மின்சார பூஸ்டருக்குள் இருக்கும் ரிலே உறைந்து உதவி குறைந்துவிடும் என்பது காரணம். நீங்கள் சொல்லும் அறிகுறியும் குளிரைச் சார்ந்தது என்பதால் சொல்கிறேன்.

இந்த வகையில் பிரேக் ஆயில் மாற்றுவதையோ ஏர் எடுப்பதையோ வீட்டில் செய்யாதீர்கள். பல வண்டிகளில் ஸ்கேனர் கட்டளை இல்லாமல் உள்ளே இருக்கும் காற்று வராது. சிலவற்றில் கதவைத் திறந்தாலே பிரேக் சிஸ்டம் விழித்துக்கொண்டு அழுத்தம் ஏற்றும், காலிப்பரில் விரல் இருந்தால் நசுங்கிவிடும்.

நகரச்சக்கரம்
ஓட்டிக்கொண்டிருக்கும்போதே பெடல் இறுகினால் என்ன செய்வது? அதைப் பற்றியும் சொல்லுங்கள் அண்ணா.

பழையஸ்பேனர்
விட்டு விட்டு மிதிக்காதீர்கள். வேக்குவம் வகையில் ஒவ்வொரு மிதியும் மிச்சமிருக்கும் சேமிப்பைத் தின்னும். ஒரே மிதியாக, தேவைப்பட்டால் இரண்டு காலாலும், முதுகை சீட்டில் அழுத்தி முழு பலத்தோடு மிதித்து விடாமல் பிடியுங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து கால் போனதுமே ரீஜென் வேலை செய்யத் தொடங்கியிருக்கும், அதைக் கூட்டும் நெம்புகோல் இருந்தால் கூட்டுங்கள். மின்சார ஹேண்ட் பிரேக் உள்ள பெரும்பாலான கார்களில் அந்தச் சுவிட்சை இழுத்து அப்படியே பிடித்திருந்தால் வண்டி அவசரமாக நிற்கும். உங்கள் கையேட்டில் அது உண்டா என்று இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது வண்டியை அணைக்க முயலாதீர்கள்.

கருநிறடயர்
இன்னொரு வகை இறுக்கமும் உண்டு, யாரும் சொல்லவில்லை. பெடல் இறுகி, கூடவே சக்கரங்கள் சூடாகி, வண்டி தள்ளினால் நகர மறுத்தால் அது பூஸ்டர் பிரச்சினை இல்லை. பிரேக் விடுபடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு வண்டியில் பிரேக் ஆயில் டப்பாவில் யாரோ எஞ்சின் ஆயிலை ஊற்றியிருந்தார்கள். மூடியைத் திறந்தபோதே அடியில் இருக்கும் ரப்பர் உப்பி, மடிப்பு மடிப்பாகச் சுருண்டிருந்தது. பிரேக் ரப்பர்களுக்குக் கனிம எண்ணெய் ஆகவே ஆகாது. கடைசியில் மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர் சீல்கள், ஹோஸ்கள் அத்தனையும் மாற்ற வேண்டியதாயிற்று. மூடியில் டாட் 4 என்ற பிரேக் ஆயில் தரம் எழுதியிருந்தால் டாட் 4 தான். ரீஜென் இருப்பதால் பிரேக் தேயவில்லையே என்று ஆயில் மாற்றாமல் விடாதீர்கள், அது ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியதற்கு விதிப்படியான அளவு 155 டிகிரிதான்.

மின்பயணி
கண்டுபிடித்துவிட்டோம்!

தெரிந்த மெக்கானிக் ஒருவரை வீட்டுக்கே வரவழைத்தேன். கனெக்டரில் மின்னழுத்தம் பேட்டரியோடு ஒத்துப்போனது, அதில் குறையில்லை. பிறகு டீ ஜாயின்ட் போட்டு கேஜ் மாட்டினோம். ஆறியிருந்தபோது கேஜும் ஸ்கேனரும் சேர்ந்தே ஏறி 75 கிலோபாஸ்கலில் நின்றன, பம்பும் சில நொடியில் நின்றது. பம்ப் நன்றாகத்தான் இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

சூடேறிய பிறகு அடுத்தடுத்து மிதித்தேன். கேஜ் முள் ஓரிரு நொடியில் 85-க்குத் தாவியது. ஸ்கேனரில் பூஸ்டர் 30-ல் கிடந்து ஒவ்வொன்றாக ஏறியது. பம்ப் அலறுகிறது, பூஸ்டருக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. மெக்கானிக் ஹோஸை விரல்களால் தடவிக்கொண்டே போனார். பம்பை ஒட்டிய வளைவில் தொட்டபோது அவருக்குச் சந்தேகம். வெளியில் பார்க்க வெடிப்பில்லை, பளபளவென்று புதிதுபோல் இருந்தது. கழற்றிக் குறுக்கே வெட்டினோம். உள்சுவர் வெளிச்சுவரிலிருந்து உரிந்து, நாக்குப்போல் நடுவில் தொங்கியது. ஆறியிருந்தால் விறைப்பாக ஓரத்தில் ஒட்டி நிற்கும். பம்பின் சூடு ஏறியதும் தளர்ந்து, உறிஞ்சும் இழுப்பில் வழியை மூடிவிடும்.

ஹோஸின் மேல் எழுத்து மங்கலாக இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் எஸ்ஏஇ ஜே30 ஆர்7 என்று படிக்க முடிந்தது. இது சரியான ஹோஸா?

கணக்குப்பிள்ளை
இல்லை. ஜே30 எரிபொருள் ஹோஸ்களுக்கான தரம். உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டது. உங்களுக்கு வேண்டியது உள்நோக்கி இழுக்கும் வேக்குவத்தில் சுருங்காத ஹோஸ். பிரேக் வேக்குவம் ஹோஸுக்கான தரம் எஸ்ஏஇ ஜே1403. அமெரிக்க விதி 106-ன்படி அடையாளமிட்ட ஹோஸ் என்றால் மேலே விஎல் அல்லது விஎச் என்ற எழுத்து இருக்கும். வண்டித் தயாரிப்பாளரின் அசல் ஹோஸ் கிடைத்தால் அதுவே நல்லது, வளைவு வார்ப்பிலேயே வந்துவிடும்.

பழையஸ்பேனர்
பழைய பம்பை மாற்றியபோது கையில் இருந்த ஹோஸை வெட்டி மாட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். குறுக்களவு ஒத்துப்போனால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். அளவு சரியாக இருந்தும் உள்ளே இப்படி உரிந்துவிடும்.

புது ஹோஸ் போடும்போது ஒருவழி வால்வையும் கழற்றி ஊதிப் பாருங்கள். பூஸ்டர் பக்கத்திலிருந்து ஊதினால் காற்று போக வேண்டும், பம்ப் பக்கத்திலிருந்து ஊதினால் போகக் கூடாது. உரிந்த ரப்பர் துணுக்கு அங்கே சிக்கியிருக்க வாய்ப்புண்டு. கழற்றிய அந்தத் துளையில் வெள்ளைத் துணி சுற்றிய குச்சியை விட்டுத் துடைத்துப் பாருங்கள். துணி நனைந்தால் மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் வழியாக பிரேக் ஆயில் பூஸ்டருக்குள் இறங்குகிறது. வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் டப்பாவில் அளவு குறைவது அதனால்தான். அப்படி இருந்தால் மட்டும் சர்வீஸ் சென்டர் சொன்ன செட்டைப் பற்றி யோசிக்கலாம்.

மின்பயணி
துணி காய்ந்தபடியே வந்தது. வால்வில் ரப்பர் துணுக்கு ஒன்று சிக்கியிருந்தது, வால்வையும் புதிதாகவே போட்டுவிட்டோம். அசல் ஹோஸ் வரவழைத்து மாட்டியாயிற்று. சூடேற்றி அடுத்தடுத்து மிதித்துப் பார்த்தேன். கேஜும் ஸ்கேனரும் ஒட்டிக்கொண்டே ஏறுகின்றன, பம்ப் சில நொடியில் நிற்கிறது, எத்தனை மிதித்தாலும் பெடல் ஒரே கனம். காலியான இடத்தில் மெதுவான வேகத்தில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டி நிறுத்திப் பார்த்தோம். நினைத்த இடத்தில் நிற்கிறது. அனைவருக்கும் நன்றி, அண்ணாவுக்குத் தனியாக.

வெண்முகில்
என் பக்கமும் தகவல். லோடு கொடுத்ததும் 12 வோல்ட் பேட்டரி படுத்துவிட்டது. கோடும் மின்னழுத்தக் குறைவு என்றே வந்தது. பேட்டரி மாற்றியபின் விளக்கு வரவில்லை. ஆனாலும் அடுத்த குளிர் வரும்வரை சந்தேகம் தீராது. திரும்ப அழைப்பு நிலுவையில் இல்லை என்று எழுத்தில் வாங்கிவிட்டேன்.

பழையஸ்பேனர்
நல்லது அம்மா. குளிர் வந்ததும் கோடு ஒருமுறை எடுத்துப் பாருங்கள், விளக்கு எரியாவிட்டாலும்.

மின்பயணி, பம்ப் இத்தனை காலம் ஓயாமல் ஓடியிருக்கிறது, கொஞ்சமாவது தேய்ந்திருக்கும். பெடல் இறுகும்வரை மிதித்துவிட்டு, ஆன் செய்ததிலிருந்து பம்ப் நிற்கும்வரை எத்தனை நொடி என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சர்வீஸின் போதும் அதே மாதிரி அளங்கள். அந்த நேரம் கூடிக்கொண்டே வந்தால், பெடலில் தெரிவதற்கு முன்பே பம்பை மாற்றிவிடலாம்.